வெட்டிக் கொடுக்கும் மாத்திரையில் பெயர் எங்கே?

மாம்பழ சீசனில் சித்தூர்ப் பக்கத்துக் கூழ்த் தொழிற்சாலைகளில் நம் ஆட்கள் எத்தனை மணி நேரம் நின்றபடியே வேலை செய்கிறார்கள் என்பதை இந்த ஏட்டின் வாசகர்களுக்கு நாம் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. அப்படி நின்றவர்களில் ஒருவர் நம் சங்க உறுப்பினரின் மனைவி. போளூர்ப் பக்கத்துப் பெண். அப்போது ஏழு மாதம். இடுப்பு வலி தாங்கவில்லை. இரவு ஒன்பது மணிக்குக் கணவன் மெடிக்கல் ஷாப்புக்குப் போய், தனக்குத் தெரிந்த தெலுங்கில் "நடும் நொப்பி" என்று இடுப்பைத் தொட்டுக் காட்டினான். கடைக்காரர் அட்டையை எடுத்தார், கத்திரிக்கோலால் ஆறு மாத்திரை வெட்டினார், சின்னக் காகித உறையில் போட்டு "1-0-1" என்று பால்பாயிண்டால் கிறுக்கினார். யாருக்கு என்று கேட்கவில்லை. இவனும் சொல்லவில்லை. வலி குறைந்தது. ஆகவே இன்னும் இரண்டு தடவை போய் வாங்கினான்.

எட்டாம் மாதம் அரசு ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். பனிக்குட நீர் குறைவாக இருக்கிறது என்றார்கள். "என்ன மாத்திரை சாப்பிட்டம்மா?" என்று டாக்டர் தமிழிலேயே கேட்டார். அந்தப் பெண் முந்தானையில் முடிந்து வைத்திருந்த மிச்ச மாத்திரைகள் இரண்டை எடுத்துக் கொடுத்தாள். வெள்ளித் தாளில் ஒரு பெயரின் வால் மட்டும் இருந்தது. இரண்டே எழுத்து. டாக்டர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு மேசைமேல் வைத்தார். "இத வெச்சு நான் என்னம்மா சொல்றது?"

குழந்தை பிறந்தது. எடை குறைவு. தாயும் பிள்ளையும் இருக்கிறார்கள். அந்த மாத்திரைதான் காரணம் என்று நாம் சொல்லவில்லை. சொல்ல முடியாது. டாக்டராலும் சொல்ல முடியாது, கடைக்காரராலும் சொல்ல முடியாது, தின்றவளாலும் சொல்ல முடியாது. ஒருவராலும் சொல்ல முடியாதபடி ஒரு மருந்து கர்ப்பிணியின் வயிற்றுக்குள் போயிருக்கிறதே, அதைத்தான் நாம் குற்றம் என்கிறோம்.

தோழர்களே! இந்த நாட்டில் இதற்குச் சட்டம் இல்லாமல் இல்லை. 1940-ஆம் ஆண்டின் மருந்துச் சட்டம் இருக்கிறது. அதன் கீழ் 1945-இல் போட்ட விதிகள் இருக்கின்றன. 'எச்' அட்டவணை என்று ஒரு பட்டியல் இருக்கிறது. அதில் உள்ள மருந்தைப் பதிவு பெற்ற மருத்துவரின் சீட்டு இல்லாமல் சில்லறையில் விற்கக் கூடாது. பதிவு பெற்ற மருந்தாளுநர் மேற்பார்வையில்தான் கொடுக்க வேண்டும். இடுப்பு வலிக்கும் மூட்டு வலிக்கும் கடைக்காரர்கள் அள்ளி வீசும் டைக்ளோஃபினாக் அந்தப் பட்டியலில்தான் இருக்கிறது. அட்டையில் சிவப்புக் கோடு போட்டிருக்கிறது. கோட்டின் அருகே எச்சரிக்கை அச்சடித்திருக்கிறது. எந்த மொழியில்? ஆங்கிலத்தில்! எவ்வளவு பெரிய எழுத்தில்? எறும்பு ஊர்ந்த தடம் போல!

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. அந்த எச்சரிக்கையில் வரும் 'பதிவு பெற்ற மருத்துவர்' என்பதற்கு ஆங்கிலச் சுருக்கம் ஆர்.எம்.பி. ஆனால் ஆந்திரத்துத் தெருக்களில் ஆர்.எம்.பி. என்றால் யார்? படிப்பும் பட்டமும் இல்லாமல், ஒரு தோல்பையும் ஊசியும் வைத்துக்கொண்டு, எல்லா நோவுக்கும் ஒரே ஊசி போடுகிற மனிதர். சட்டம் யாரிடம் போ என்று சொல்கிறதோ அவர் பெயரும், யாரிடம் போகாதே என்று சொல்கிறதோ அவர் பெயரும் நம் தெருவில் ஒன்றாகிவிட்டன. அவரை மட்டும் திட்டி என்ன பயன்? இரவு பத்து மணிக்குக் கதவைத் தட்டினால் எழுந்து வருகிறவர் அவர் ஒருவர்தான். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, பஸ் ஏறி, டோக்கன் வாங்கி, வரிசையில் நின்று, மொழி புரியாமல் விழித்துத் திரும்பும் பெண் அவரிடம் போகாமல் எங்கே போவாள்?

எச்சரிக்கையை ஆங்கிலத்தில் அச்சடித்துவிட்டால் கடமை முடிந்தது என்று அரசும் கம்பெனியும் கைகழுவுவது இன்று நேற்று ஆரம்பித்த வழக்கமல்ல. இ.பி. ஃபோர்ட் கதையை நம் பெண்கள் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். நாற்பது வயது தாண்டிய பல பேருக்கு அவர்கள் அம்மாவின் கதையாகவும் அது இருக்கலாம்.

ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் என்ற இரண்டு வகை ஹார்மோன்களை அதிக அளவில் கலந்த மாத்திரைகள் அவை. நாள் தள்ளிப்போனவள் இரண்டு மாத்திரை விழுங்க வேண்டும். சில நாளில் விலக்கானால் கர்ப்பமில்லை; ஆகாவிட்டால் கர்ப்பம். கர்ப்பமா என்று தெரிந்துகொள்ளக் கர்ப்பத்துக்குள்ளேயே ஹார்மோனைக் கொட்டுகிற பரிசோதனை! சிறுநீரை வைத்துப் பார்க்கும் பரிசோதனை அப்போதே இருந்தது. அதில் தாயின் உடம்புக்குள் எதுவும் போகாது. ஆனால் மாத்திரை மலிவு, கடையில் கிடைக்கும், 'கலைந்துவிடும்' என்ற நம்பிக்கை வேறு அதற்குப் பின்னால் ஓடியது. கலைக்க நினைத்து விழுங்கியும் கலையாமல் பிள்ளை பெற்றவர்கள் எத்தனை பேர் என்று கணக்கெடுத்தவர் யார்?

1967-இல் இசபெல் கேல் என்ற பெண் மருத்துவர் இங்கிலாந்தில் இப்படிப்பட்ட பரிசோதனை மாத்திரைக்கும் பிறவிக் குறைகளுக்கும் தொடர்பு இருக்கலாம் என்று எழுதினார். அங்கே பிரைமோடாஸ் என்ற பெயரில் விற்ற அந்த மாத்திரை 1978 வரை சந்தையில் இருந்தது. இந்தியாவில் 1975-இல் மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரி என்ன செய்தார் தெரியுமா? கர்ப்பப் பரிசோதனைக்கு இதைப் பயன்படுத்தக் கூடாது என்று பெட்டியின்மேல் எச்சரிக்கை அச்சடிக்கச் சொன்னார். மருந்து கடையில் இருந்தது. எச்சரிக்கை பெட்டியில் இருந்தது. பெட்டி கடைக்காரரின் அலமாரியில் இருந்தது. பெண்ணின் கைக்கு வந்தது வெட்டிய மாத்திரை!

பெண்கள் அமைப்புகளும், அகில இந்திய மருந்து நடவடிக்கை இணையம் போன்ற மக்கள் நல இயக்கங்களும் ஓயாமல் போராடின. 1982-இல் தடை உத்தரவு வந்தது. கம்பெனிகள் உயர் நீதிமன்றங்களுக்கு ஓடி ஸ்டே வாங்கின. வியாபாரம் நடந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1987-இல் டெல்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை ஆகிய நகரங்களில் பொது விசாரணை நடத்தினார்கள். கம்பெனிகளின் பக்கம் பேசவும் பெரிய டாக்டர்கள் வந்தார்கள். எதிர்த்துப் பேசியவர்களில் சாதாரணப் பெண்கள் இருந்தார்கள். ஒருவழியாக 1988-இல் தடை நிலைத்தது. பெட்டியின்மேல் எச்சரிக்கை போட்ட ஆண்டிலிருந்து எண்ணினால் 13 ஆண்டுகள்! அந்த 13 ஆண்டுகளும் இங்கிலீஷ் எழுத்துதான் நம் பெண்களுக்குக் காவல்.

நியாயத்தைச் சொல்லிவிடுவோம். அந்த மாத்திரைதான் குறைக்குக் காரணம் என்பது விஞ்ஞானத்தில் முடிந்த வழக்கல்ல. 2017-இல் பிரிட்டிஷ் அரசின் நிபுணர் குழு தொடர்பு நிரூபணமாகவில்லை என்றது. 2020-இல் கம்பர்லெஜ் சீமாட்டி தலைமையிலான விசாரணைக் குழு, தவிர்த்திருக்கக் கூடிய தீங்கு நடந்தது, 1967-லேயே நிறுத்தியிருக்க வேண்டும் என்று சொன்னது. சர்ச்சை இருக்கட்டும். சந்தேகம் வந்துவிட்டது, தேவையோ இல்லை, தீங்கில்லாத வேறு பரிசோதனை கையில் இருக்கிறது. இந்த மூன்றும் தெரிந்த பிறகும் விற்றார்களே, அதற்கு எந்த நிபுணர் குழு பதில் சொல்லும்?

சந்தேகம் வந்தபோது 'முதலில் நிறுத்து' என்று சொல்ல ஒரே ஒரு ஆள் இருந்தால் என்ன நடக்கும் என்பதையும் உலகம் பார்த்திருக்கிறது. தாலிடோமைட் என்ற தூக்க மருந்து 1957-இல் ஜெர்மனியில் விற்பனைக்கு வந்தது. கர்ப்பிணிகளின் மசக்கை வாந்திக்கும் கொடுத்தார்கள். பாதுகாப்பான மருந்து என்று விளம்பரம் செய்தார்கள். கையும் காலும் வளராத குழந்தைகள் பிறந்தன. உலகம் முழுவதும் சுமார் 10,000 குழந்தைகள். 1961 நவம்பரில்தான் ஜெர்மனியில் திரும்பப் பெற்றார்கள். ஆனால் அமெரிக்காவில் அது கடைக்கு வரவே இல்லை. ஃபிரான்சிஸ் கெல்சி என்ற பெண் அதிகாரி, ஆதாரம் போதாது என்று கம்பெனியின் விண்ணப்பத்தைத் திரும்பத் திரும்ப நிறுத்தி வைத்தார். கம்பெனி நச்சரித்தும் மசியவில்லை. அதே தாலிடோமைட் இன்று ஒரு வகை ரத்தப் புற்றுநோய்க்கும் தொழுநோயாளிகளுக்கு வரும் ஒரு வகைக் கடும் விளைவுக்கும் கட்டுப்பாட்டோடு பயன்படுகிறது. எந்த மருந்தானாலும் யாருக்கு, எப்போது, யார் மேற்பார்வையில் என்பதைப் பொறுத்தது. நம் தெருக்கடைக் கவுண்டரில் இந்த மூன்று கேள்வியில் ஒன்றைக்கூட யாரும் கேட்பதில்லை.

திருப்பதிக்கு வருவோம். தரிசனத்துக்கும் குடும்ப விசேஷத்துக்கும் 'தள்ளிப்போட' மாத்திரை கேட்டு மெடிக்கல் ஷாப்பில் நிற்காத பெண் நம் குடும்பங்களில் உண்டா? மலைக்கு வருகிற உறவுக்காரப் பெண்களுக்கு நாமே வாங்கிக் கொடுத்திருக்கிறோம். அவரவர் பக்தி அவரவருக்கு. அதைப் பற்றி இங்கே பேச்சில்லை. அந்த மாத்திரை பெரும்பாலும் நார்எதிஸ்டிரோன். இ.பி. வகை மாத்திரைகளில் இருந்த ஹார்மோன் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். கர்ப்பமில்லை என்று தெரிந்துகொண்டு, டாக்டர் சொல்லி, சாப்பிட வேண்டிய மருந்து. கல்யாணமாகி நாலு மாதமான பெண்ணுக்கு நாள் தள்ளியிருக்கிறதா என்று கேட்காமலே பத்து மாத்திரை வெட்டிக் கொடுக்கிறார்கள். அவளுக்கே தெரியாமல் அவள் முழுகாமல் இருந்தால்?

இதே கவுண்டரில் கருக்கலைப்பு மாத்திரைகளும் சீட்டில்லாமல் கைமாறுகின்றன. கருக்கலைப்பு 1971 முதல் இந்த நாட்டில் சட்டப்படி டாக்டர் செய்யக் கூடியது. அரசு ஆஸ்பத்திரியில் கேட்கலாம். வெட்கப்பட வேண்டியதில்லை. மாத்திரையால் கலைப்பது ஒன்பது வாரம் வரைதான், அதுவும் டாக்டர் பார்த்த பிறகுதான். கர்ப்பம் குழாயில் தங்கியிருந்தால் அந்த மாத்திரை அதைக் கலைக்காது. குழாய் வெடித்து ரத்தம் உள்ளேயே கொட்டும். கடைக்காரருக்கு ஸ்கேன் கண் இல்லை.

வேலைத்தலத்துக்கும் இதில் பங்கு உண்டு. 2019-இல் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளையின் செய்தியாளர்கள் தமிழ்நாட்டு ஆடைத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் சுமார் 100 பெண்களைச் சந்தித்துப் பேசினார்கள். மாதவிலக்கு வலி என்று சொன்னால் லீவு இல்லை, உட்கார இடம் இல்லை. மேஸ்திரி ஒரு மாத்திரை கொடுப்பார், பெயரில்லாத மாத்திரை, அவர் கண்ணெதிரிலேயே விழுங்க வேண்டும். செய்தி வெளியானபோது எல்லோரும் அதிர்ச்சி அடைந்தார்கள். நாம் அதிர்ச்சி அடையவில்லை. நகரி, புத்தூர்ப் பக்கத்துத் தறிக் கொட்டகையில் இருப்பவரையும், தடா அருகே ஸ்ரீ சிட்டியில் ஒப்பந்தக்காரர் கீழ் இருப்பவரையும், கட்டட வேலைக்கு ரேணிகுண்டா வந்தவரையும் கேளுங்கள். வலி மாத்திரை இல்லாமல் ஷிப்டு ஓடுகிறதா? மிஷினுக்கு எண்ணெய், மனுஷிக்கு மாத்திரை! மாநிலம் விட்டு மாநிலம் அழைத்துவரப்படும் தொழிலாளர்களுக்கு ஒப்பந்தக்காரர் இலவச மருத்துவ வசதி தர வேண்டும் என்று 1979-லேயே சட்டம் எழுதினார்கள். அந்த வசதி கடைசியில் சூப்பர்வைசர் மேசை டிராயரில் ஒரு டப்பாவாக முடிந்துவிட்டது.

சரி, எந்த மாத்திரை என்ன செய்யும்? டாக்டர்கள் எழுதியிருப்பதை அறிந்து, தெரிந்த அளவுக்கு எழுதுகிறோம். இதை வெட்டிச் சுவரில் ஒட்டி வைத்தாலும் தப்பில்லை.

டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகள் ஐந்தாம் மாதத்துக்குப் பிறகு வயிற்றுக் குழந்தையின் சிறுநீரகத்தைப் பாதிக்கலாம், பனிக்குட நீர் குறையலாம் என்று 2020-இல் அமெரிக்க மருந்துத் துறை எச்சரித்தது. கடைசி மூன்று மாதத்தில் குழந்தையின் இதயத்தருகே திறந்திருக்க வேண்டிய ரத்தக் குழாய் முன்கூட்டியே மூடிக்கொள்ளலாம். சாதாரணக் காய்ச்சலுக்கும் வலிக்கும் கர்ப்பிணிக்கு டாக்டர்கள் வழக்கமாகக் கொடுப்பது பாராசிட்டமால். அதையும் சொன்ன அளவுக்கு மேல் போடக் கூடாது. கடையில் 'இடுப்பு வலி மாத்திரை' என்று கொடுப்பது பல நேரம் பாராசிட்டமாலும் டைக்ளோஃபினாக்கும் சேர்ந்த கலவை. பாதிப் பெயரைக் கேட்டு ஏமாறக் கூடாது. டாக்சிசைக்ளின் வகைக் கிருமிக்கொல்லி கர்ப்பத்தின் பின்பாதியில் சாப்பிட்டால் பிள்ளையின் பல்லில் கறை நிற்கும். ரத்தக் கொதிப்புக்கு எனலாப்ரில், ராமிப்ரில் சாப்பிடுகிறவர்கள் கர்ப்பம் என்று தெரிந்த உடனே டாக்டரைப் பார்த்து வேறு மருந்துக்கு மாற வேண்டும். முகப்பருவுக்குக் கொடுக்கும் ஐசோட்ரெடினாயின் கர்ப்பத்தில் கூடவே கூடாது. வலிப்புக்குக் கொடுக்கும் வால்ப்ரோயேட் சாப்பிட்ட தாய்மாருக்குப் பிறந்த 100 குழந்தைகளில் சுமார் 10 பேருக்குப் பிறவிக் குறை வருகிறது. முதுகுத்தண்டுக் குறையும் அதில் ஒன்று. பிள்ளை பெறும் வயதில் உள்ள பெண்ணுக்கு இதை எழுதும்போதே சொல்லியிருக்க வேண்டும். எத்தனை பேருக்குச் சொன்னார்கள்?

உடனே நம் வீட்டுப் பெரியவர்கள், "அதான் நாங்க அப்பவே சொன்னோம், முழுகாம இருக்கிறவ மாத்திரையே தொடக்கூடாதுன்னு" என்பார்கள். அதுவும் ஆபத்து, அத்தைமார்களே! வலிப்பு மாத்திரையைத் தானாக நிறுத்திவிட்டு வலிப்பு வந்து கீழே விழுந்தால் தாயும் போவாள், பிள்ளையும் போகும். மாற்ற வேண்டியது டாக்டர். நிறுத்த வேண்டியது நாமல்ல. தைராய்டு, சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, ஆஸ்துமா, காசநோய் எல்லாவற்றுக்கும் இதேதான். இரும்புச் சத்து மாத்திரை சாப்பிட்டால் பிள்ளை கறுப்பாகப் பிறக்கும் என்று அரசு கொடுத்த மாத்திரையைக் கூரைச் சந்தில் செருகி வைக்கிற மாமியார்கள் இன்னும் இருக்கிறார்கள். பிள்ளையின் நிறம் பெற்றவர்கள் நிறம். மாத்திரை நிறமல்ல. கர்ப்பத்தில் 180 நாள், பிள்ளை பெற்ற பிறகு 180 நாள், தினம் ஒன்று என்பது அரசுத் திட்டம். ஒரு மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கும். பிரசவத்தில் ரத்தம் போகும்போது அந்த இரும்புதான் உயிரைப் பிடித்து வைக்கும். மலம் கறுத்துப்போகும், வயிறு கொஞ்சம் கட்டும். அதற்குப் பயந்து நிறுத்தக் கூடாது.

நம் ஆண்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. மருந்து வாங்கப் போவது நாம். மனைவிக்கு எத்தனை மாதம் என்பதைக் கடையில் நாலு பேர் முன்னால் சொல்ல நமக்குக் கூச்சம். பீடிக் கட்டுக்கும் பாக்குக்கும் பெயர் சொல்லிக் கேட்டு வாங்குகிறோம், பிராண்டு மாறினால் சண்டை போடுகிறோம். பெண்டாட்டி விழுங்கும் மாத்திரையின் பெயர் நமக்குத் தெரியாது! சங்கத்தில் இதைப் பேசியபோது சிலர் தலையைக் குனிந்துகொண்டார்கள். இதை எழுதுகிற நாமும் அவர்களில் சேர்த்தி.

ஆனால் நம் கூச்சத்தைக் காட்டி அரசு தப்பித்துக்கொள்ள விடமாட்டோம். பக்கத்து வீட்டுத் தெலுங்குச் சகோதரியால் மட்டும் அந்த அட்டையைப் படிக்க முடிகிறதா? அவளுக்கும் முடியாது. ஆகவே இது தமிழனுக்கும் தெலுங்கனுக்கும் நடக்கும் வழக்கல்ல. 1953-இல் ஆந்திரம் பிரிந்ததும், 1960-இல் திருத்தணி தமிழ்நாட்டோடு போனதும், சித்தூர் இங்கே நின்றதும் எல்லைக்கோட்டுக் கதை. கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் விற்கிற மாத்திரை ஒன்று. அதில் இருக்கிற எழுத்தும் ஒன்று. இரண்டு பக்கத்துத் தாய்மாரும் அதைப் படிக்க முடியாது. 2023 ஆகஸ்டு முதல் 300 மருந்துகளுக்குச் சதுரக் குறியீடு கட்டாயம் என்றார்கள். போனில் காட்டினால் மருந்தின் பெயர், கம்பெனி, பேட்ச் நம்பர், தேதி, லைசென்சு நம்பர் எல்லாம் வரும். கர்ப்பிணி சாப்பிடலாமா என்பது அந்த விவரப் பட்டியலில் இல்லை! அட்டையில் இடம் போதாவிட்டால் வெளிப்பெட்டியில் அச்சடித்தால் போதும் என்று சலுகை வேறு. மறுபடியும் அதே பெட்டி, அதே அலமாரி.

நாம் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அட்டையை வெட்டினால் பெயரும் தேதியும் உள்ள பகுதியையும் சேர்த்துக் கொடு. முடியாவிட்டால் உறைமேல் பெயரை எழுது. பில் கொடு. பெண்ணுக்கு மருந்து என்றால் கர்ப்பமா, எத்தனை மாதம் என்று கேள். அப்படிக் கேட்பார்கள் என்று கவுண்டர்மேல் தெலுங்கிலும் தமிழிலும் போர்டு வை. கர்ப்பிணி சாப்பிடக் கூடாத மருந்தின் அட்டையில், எழுத்தே தெரியாதவருக்கும் புரியும்படி, வயிற்றுப் பெண்ணின் படம் போட்டுக் குறுக்கே கோடு போடு. சிகரெட் பெட்டியில் படம் போட முடிந்த அரசுக்கு இது முடியாதா? சித்தூர், திருப்பதி இரண்டு மாவட்டங்களிலும் பிரசவப் பகுதி உள்ள அரசு ஆஸ்பத்திரிகளில் தமிழ் தெரிந்த ஒருவர் சீட்டு கொடுக்கும் இடத்தில் இருக்கட்டும். தாய்-சேய் அட்டை விஷயமும் உண்டு. இங்கே ஆஷா சகோதரி தெலுங்கில் எழுதிக் கொடுக்கிறார். ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்து பெண் தாய்வீட்டுக்குத் திருவண்ணாமலைப் பக்கம் போகிறாள். அங்கே நர்சம்மா அட்டையைத் தலைகீழாகப் பிடித்தாலும் ஒன்றுதான், நேராகப் பிடித்தாலும் ஒன்றுதான். மருந்துகளின் பெயரை மட்டுமாவது இரண்டு மாநிலத்துக்கும் புரிகிற எழுத்தில் எழுதும்படி உத்தரவு போட ஒரு கையெழுத்துப் போதும்.

அது வரும்வரை நாம் சும்மா இருக்க முடியாது. மாதம் 9-ஆம் தேதி, நாலாம் மாதம் தாண்டிய கர்ப்பிணிகளை அரசு ஆஸ்பத்திரிகளில் டாக்டரே இலவசமாகப் பார்க்கும் திட்டம் 2016 முதல் இருக்கிறது. அரசு ஆஸ்பத்திரியில் கர்ப்பிணிக்கு மருந்து, பரிசோதனை, பிரசவம், போக்குவரத்து எல்லாம் இலவசம் என்பது 2011 முதல் உள்ள திட்டம். வெளியூர்க்காரர் என்று திருப்பி அனுப்பினால் சங்கத்துக்குச் சொல்லுங்கள். போகும்போது வீட்டிலிருக்கும் எல்லா மாத்திரையையும், நாட்டு மருந்து உட்பட, பையில் போட்டு எடுத்துப் போங்கள். கடையில் சொல்ல நாலு வார்த்தைத் தெலுங்கு இங்கே எழுதுகிறோம். ஆண்களும் பாடம் பண்ணுங்கள். "நேனு கர்ப்பவதினி" என்றால் நான் கர்ப்பிணி. கணவன் போனால் "நா பார்ய கர்ப்பவதி." "ஏடோ நெல" என்றால் ஏழாம் மாதம். "ஈ மாத்ர வேசுகோவச்சா?" என்றால் இந்த மாத்திரை சாப்பிடலாமா. "பேரு ராசி இவ்வண்டி" என்றால் பெயர் எழுதிக் கொடுங்கள். இந்தக் கடைசி வார்த்தையைச் சொல்லாமல் காசு கொடுக்க வேண்டாம்.

மனு தயாராகிவிட்டது. இரண்டு மாவட்ட ஆட்சியர்களுக்கும், மருந்துக் கட்டுப்பாட்டு நிர்வாகத்துக்கும் தெலுங்கில் ஒன்று, தமிழில் ஒன்று. "தமிழில் கொடுத்தால் வாங்குவார்களா?" என்று போன கூட்டத்தில் ஒரு பெரியவர் கேட்டார். அரசியல் சட்டத்தின் 350-ஆவது பிரிவு, மத்திய அரசிலோ மாநிலத்திலோ வழங்கும் எந்த மொழியிலும் குறையை எழுதிக் கொடுக்க எவருக்கும் உரிமை தந்திருக்கிறது. வாங்கித்தான் ஆக வேண்டும். கையெழுத்துக்கு நம் தோழர்கள் தெரு தெருவாக வருவார்கள். வரும்போது உங்கள் வீட்டில் பெயர் வெட்டுப்பட்ட மாத்திரை எத்தனை இருக்கிறதோ அத்தனையையும், உறையோடு, அவர்களிடம் கொடுத்தனுப்புங்கள். யாருக்காக, எந்த நோவுக்காக வாங்கியது என்று உறைமேல் எழுதுங்கள். கடையின் பெயர் வேண்டாம். ஆட்சியர் மேசைமேல் மனுவோடு சேர்த்து அவற்றையும் வைத்து, இவை என்ன மாத்திரைகள் என்று நாம் கேட்கப் போகிறோம்.